சீசனில் எடுத்த ஸ்கேன்

நாகராஜன் ஒரு காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் அடுத்தவர் கை அதில் படவே விடமாட்டான். சுரண்டை மார்க்கெட்டில் கமிஷன் கடையில் பதினெட்டு வருஷமாகத் தக்காளியும் வெண்டைக்காயும் ஏலம் விட்டவன். எந்தக் கேள்விக்கும் அடுத்தவன் வாயைத் திறக்குமுன் பதில் சொல்லிப் பழகிவிட்டான். வீட்டிலும் அதே கதைதான். அவன் மனைவி சங்கரேஸ்வரிக்குக் கழுத்தில் நெறி கட்டியது. அது சாதாரண நெறி இல்லை, நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்று போன ஐப்பசியில் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த நோயையும் அவன்தான் எடுத்து நடத்திவந்தான். ஃபைல் அவன் கையில். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த போன் நம்பர் அவனுடையது. எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டால், வாந்தி இரண்டு நாளோடு நின்றுவிட்டது, வாய்ப்புண் மட்டும் இருக்கிறது என்று அவன் சொல்வான். சரியாகத்தான் சொல்வான். அவளுக்கே நினைவில்லாத தேதியெல்லாம் அவனுக்கு நினைவிருந்தது.

சங்கரேஸ்வரிக்கு அதில் வருத்தம் கிடையாது, கோபமும் கிடையாது. உண்மையைச் சொன்னால் இந்த எட்டு மாதமாக அவளுக்கு எதுவுமே கிடையாது. நோயின் பெயரை டாக்டர் சொன்னபோது, வீட்டில் ஊறப்போட்ட உளுந்தை யார் ஆட்டுவது என்றுதான் யோசித்தாள். முடி கொட்டியபோது பெருக்கி அள்ளிக் கவரில் போட்டாள். ஒன்பது வயது மகள் மஞ்சு அம்மாவின் மொட்டைத் தலையைப் பார்த்துத் தேம்பியபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேற்றுவதுபோலத் தட்டிக்கொடுத்தாள். பிழைப்பேனா என்று யாரிடமும் கேட்கவில்லை. ஊசி போட வருகிறவர்களிடம் வலிக்குமா என்றுகூடக் கேட்டதில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்ன தைரியம் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். தைரியமாவது ஒன்றாவது. உள்ளே ஆள் இருந்தால்தானே பயப்படுவதற்கு.

போதாக்குறைக்கு விரல்களும் மரத்துப்போயின. அந்த மருந்து அப்படித்தான் செய்யும், போகப்போகச் சரியாகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். சுடுகிற பாத்திரத்தை வெறும் கையால் இறக்கிவைத்துவிட்டு, விரல் சிவந்திருப்பதைப் பிறகு பார்த்துத் தெரிந்துகொள்வாள். ஜாக்கெட் கொக்கியை மஞ்சுதான் மாட்டிவிட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டு தடவை மருந்து ஏறி முடிந்தது. ஆறு வாரம் கழித்துத் திருநெல்வேலியில் பெட் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார் டாக்டர் காந்திமதிநாதன். அவர் சனிக்கிழமைதோறும் தென்காசிக்கு வந்து பார்க்கிறவர். பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பினார். லேசான கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். நோய் பிடித்த இடம் சர்க்கரைக்குப் பேயாய் அலையும். அது எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கே படத்தில் வெளிச்சம் போடும். வெளிச்சம் இல்லையென்றால் வைத்தியம் முடிந்தது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும். வெளிச்சம் இருந்தால் இதைவிடக் கடுமையான மருந்து, வெளியூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் தங்கி, அதன் பிறகும் உறுதி சொல்ல முடியாது. நாகராஜன் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அவள் மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் சென்டரிலிருந்து அவன் வாட்ஸ்அப்புக்கு இரண்டு பக்கத் தாள் வந்தது. வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது என்று எல்லாம் தமிழிலேயே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவன் அதை வாசித்து அவளுக்குச் சொன்னான். முந்தின நாள் சோறு, இட்லி, பழம், இனிப்பு எதுவும் கூடாது. முட்டையும் கீரையும் தின்னலாம். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. ஸ்கேன் முடிந்து அன்று முழுக்கச் சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக்கூடாது. இரண்டாம் பக்கத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது: முந்தின நாளிலிருந்து உடம்பைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும், குளிர்ந்த நீரில் குளிக்கக்கூடாது, நடுங்கும்படி இருக்கக்கூடாது. அதை அவன் வாசித்துவிட்டு, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம் என்று சொன்னான். நம் ஊரில் குளிர் என்றால் சளி, அதற்கு மேல் குளிரில் என்ன இருக்கிறது? அவன் எட்டு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கேட்பதை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஸ்கேனுக்குப் பகல் பன்னிரண்டு மணி. அன்று முகூர்த்த நாள் என்பதால் மார்க்கெட்டில் சரக்கு வரத்து அதிகம். நாகராஜன் விடிவதற்கு வெகு முன்னாலேயே பைக்கை எடுத்துக்கொண்டு போனான், எட்டரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு. போகும்போது வாளியில் ஹீட்டரைப் போட்டு, சூடானதும் அணைத்து, வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னான். மஞ்சுவை முந்தின நாளே அச்சன்புதூரில் அவன் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக வீட்டில் சங்கரேஸ்வரி தனியாக இருந்தாள்.

வாளியில் கையை விட்டாள். சூடா, ஆறிவிட்டதா என்று தெரியவில்லை. ஆவி வந்ததால் சூடு என்று முடிவு கட்டினாள். அப்படியே கையை விட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே குற்றாலச் சீசன் சாரல் தூறிக்கொண்டிருந்தது. அருவியில் போய் நின்றால் தெரியுமா என்று ஒரு யோசனை வந்தது. ஆசை என்று சொல்ல முடியாது, ஆசைப்படும் நிலையில் அவள் இல்லை. ஸ்விட்சைப் போட்டு பல்பு எரிகிறதா என்று பார்ப்போமே, அந்த மாதிரி. வெந்நீரைக் கீழே கொட்டினாள். மாற்றுச் சேலையை ஒரு கட்டைப்பையில் வைத்தாள். தென்காசியில் அவர்கள் தெருமுனையில் குற்றாலத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

மெயின் அருவியில் அந்த நேரத்திலேயே பெண்கள் பக்கம் கூட்டம் இருந்தது. தலைத்துண்டை அவிழ்த்ததும் சிலர் விலகி வழி விட்டார்கள். எங்கோ மொட்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஓரமாக நின்றவளை யாரோ ஒரு அம்மாள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டாள்.

தண்ணீர் உச்சந்தலையில் இறங்கியது. முடி இருக்கிறவர்களுக்கு அது விழுகிற விதம் வேறு, முடி இல்லாத தலையில் அது அறைகிற விதம் வேறு. வலித்தது. கழுத்தில், தோளில், முதுகுத்தண்டில் சடசடவென்று அடித்தது. மூச்சு முட்டியது. பற்கள் தந்தி அடித்தன. அவள் வாய்விட்டுக் கத்தினாள். அருவியில் எல்லோரும்தான் கத்துகிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு நீலம் பாரிக்கிறவரைக்கும் நின்றாள். வெளியே வந்து ஈரச் சேலையோடு ரொம்ப நேரம் சாரலில் உட்கார்ந்திருந்தாள், நடுக்கம் நின்றுவிடக் கூடாதே என்று. சந்தோஷம் என்று அதைச் சொல்லலாமா தெரியாது. ஆனால் நடுங்கியது அவள் உடம்புதான், அது அவளுக்குத் தெரிந்தது.

நாகராஜன் வந்தபோது அவள் சேலை மாற்றி வீட்டில் இருந்தாள், ஜாக்கெட் கொக்கியை அருவிக்கரையில் ஒரு பெண் மாட்டிவிட்டிருந்தாள். வாளி காலியாக இருந்தது. முடி இருந்திருந்தால் ஈரம் காட்டிக்கொடுத்திருக்கும். அரிசி நீளத்துக்கு அரும்பியிருந்ததைத் துண்டால் துவட்டி, மேலே ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆலங்குளம் வரைக்கும் தூறல் முகத்தில் அடித்தது. அவன் இரண்டு தடவை ஷட்டரை இறக்கினான். அவன் கண்ணயர்ந்ததும் அவள் மறுபடி ஏற்றினாள்.

ஸ்கேன் சென்டரில் அபர்ணா என்ற பெண் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், சுகர் உண்டா, கர்ப்பம் இல்லையே, நேற்று கடுமையான வேலை ஏதாவது, குளிரில் இருந்தீர்களா. கேள்வி எல்லாம் சங்கரேஸ்வரியைப் பார்த்துத்தான். பதில் எல்லாம் நாகராஜனிடமிருந்து வந்தது. வெந்நீரில்தான் குளித்தாள், நானே போட்டுக்கொடுத்தேன் என்றான். இதைப்போய் என்னத்துக்குக் கேட்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியாது.

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். பிறகு ஒரு மணி நேரம் தனி அறையில் படுத்திருக்க வேண்டும், பேசக்கூடாது, போன் பார்க்கக்கூடாது. ஏசி ஓடுகிறது, குளிர்ந்தால் இந்த பெல்லை அழுத்துங்கள், கம்பளி தருகிறோம் என்று அபர்ணா சொல்லிவிட்டுப் போனாள். குளிர்ந்தது. சங்கரேஸ்வரி பெல்லை அழுத்தவில்லை. காலையில் கிடைத்தது இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது, அதை விட மனசில்லை.

சனிக்கிழமை தென்காசியில் டாக்டர் படத்தைத் திரையில் போட்டார். கழுத்தின் இரண்டு பக்கமும், தோள்பட்டை இரண்டிலும், முதுகெலும்பு ஓரமாகவும் அங்கங்கே பளிச்சென்று எரிந்தது. அவர் பென்சிலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். குளிர் பட்டால் உடம்பு சூடு உண்டாக்குவதற்காக ஒரு வகைக் கொழுப்பை எரிக்கும், அதுவும் இதே இடங்களில் இதே மாதிரிதான் வெளிச்சம் போடும் என்றார். ஆனால் இவளுக்கு நோய் ஆரம்பித்ததும் இதே கழுத்தில். இந்த வெளிச்சத்துக்குள்ளே கட்டி இருந்தால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்குக் குளிர்ல ஏதும் இருந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குளிர்தான்னா ஒண்ணும் செய்ய வேண்டாம், திரும்ப எடுத்துப் பாத்துக்கலாம். இல்லேன்னா கழுத்தைக் கீறி சதை எடுத்துப் பாக்கணும், மேல்கொண்டு ஆக வேண்டியதையும் இப்பவே ஏற்பாடு பண்ணணும்."

"இல்ல டாக்டர்," என்றான் நாகராஜன். "அந்தத் தாள்ல போட்ட மாதிரி ஒண்ணு விடாம செஞ்சிருக்கு. பச்சத்தண்ணி அவ மேல பட்டு எட்டு மாசம் ஆவுது."

எவ்வளவு பெருமையாகச் சொன்னான். சங்கரேஸ்வரி அவன் முகத்தையே பார்த்தாள். எட்டு மாதம் தூக்கத்தை விட்டு, மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து, ஒரு வரி பிசகாமல் செய்தவன் சொல்கிற முகம் அது. இப்போது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. வாய்தான் வரவில்லை. கழுத்தைக் கீறப்போவது வேறு யாருக்கோ என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் புதன்கிழமைக்குத் தேதி எழுதினார்.

வெளியே வந்து ஃபைலை பைக் டேங்க் கவரில் வைக்கப் போனவன், வைக்காமல் அப்படியே நடைபாதையில் குந்திவிட்டான். ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் மருந்து வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவன் அப்பா செத்தபோதுகூட பந்தல்காரனோடு பேசிக்கொண்டுதான் நின்றான்.

அவள் பக்கத்தில் குந்தினாள். அவன் அழுகை அவளுக்குள் எதையும் அசைக்கவில்லை. அதுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது. இந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாத அளவுக்கா ஆகிவிட்டோம் என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"அன்னைக்குக் காலையில நான் மெயின் அருவிக்குப் போனேன்."

அவன் ஃபைலை இறக்கினான். புரியாததுபோல் பார்த்தான்.

"நீங்க போட்ட வெந்நியக் கீழ கொட்டிட்டேன். ரொம்ப நேரம் நின்னேன். வெடவெடன்னு நடுங்குச்சு. ஊசி போட்டு அந்த ரூம்ல படுக்க வச்சாங்கல்லா, அங்கனயும் குளிருச்சு. நான் கூப்பிடல."

"ஏட்டி, இத உள்ள வச்சு ஏன் சொல்லல? அவரு எத்தன தடவ கேட்டாரு?"

"நீங்கதான பேசிக்கிட்டிருந்தீங்க."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அவனுக்கு அடி பட்டதுபோல் ஆகிவிட்டது. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. போனை எடுத்து அந்த இரண்டு பக்கத்தையும் தேடி, இரண்டாம் பக்கத்து வரியை மெதுவாக, எழுத்துக் கூட்டுகிறவனைப் போல வாசித்தான். வாசித்து முடித்ததும் எழுந்து அவளையும் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, டோக்கன் எதுவும் வாங்காமல் நேராக உள்ளே போனான்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை, உயிர் வந்ததுபோல்தான் இருந்தது. நோயாளி சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். புதன்கிழமையை அடித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எழுதினார். ஸ்கேனுக்கு முன்னால் போட ஒரு மாத்திரையும், உடம்பைச் சூடாக வைக்கச் சொல்லிக் கண்டிப்பும் கொடுத்தார்.

அந்த இரண்டு வாரமும் நாகராஜன் நிறையப் பேசவில்லை. ஆனால் நம்பிக்கை அவனைப் பிடித்து ஆட்டியது. குளிர்தான், வேறொன்றும் இல்லை என்று போனில் தங்கச்சியிடம் சொல்வது அடுக்களை வரைக்கும் கேட்கும். இரண்டாம் தடவை போகும்போது ஸ்வெட்டர், காலுறை, குரங்குக்குல்லாய் எல்லாம் மாட்டிவிட்டான். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் ஊட்டிக்குப் போகிறீர்களா என்று கேட்டார். அபர்ணா படிவத்தை எடுத்ததும் அவன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். எல்லாக் கேள்விக்கும் சங்கரேஸ்வரியே பதில் சொன்னாள். கேட்காததற்கும் ஒன்று சொன்னாள், விரல் மரத்திருக்கிறது என்று. அபர்ணா இரண்டு கம்பளி கொண்டுவந்து கழுத்துவரை போர்த்திவிட்டு, அந்த அறை ஏசியை அணைத்தாள். சங்கரேஸ்வரி வியர்த்து வழியப் படுத்திருந்தாள்.

மறு சனிக்கிழமை டாக்டர் திரையைத் திருப்பி வைத்தார். தோள்பட்டைகள் இருண்டிருந்தன. முதுகெலும்பு ஓரம் இருண்டிருந்தது. கழுத்தின் வலது பக்கம் இருண்டிருந்தது. நாகராஜன் நாற்காலி நுனிக்கு வந்தான்.

"மத்ததெல்லாம் குளிர்தான்," என்றார் டாக்டர். பென்சில் இடது காறை எலும்புக்கு மேலே போய் நின்றது. அங்கே ஒரே ஒரு புள்ளி, திராட்சைக் கொட்டை அளவு, எரிந்துகொண்டிருந்தது. "இது இல்ல."

இந்த ஒன்றைத்தான் போன தடவை பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றார். இதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மனசைத் தயார் பண்ணிக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். வரும் புதன்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று பழக்கதோஷத்தில் நாகராஜனைப் பார்த்துக் கேட்டார்.

நாகராஜன் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

சங்கரேஸ்வரி அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாகப் போய் இடது கழுத்தைத் தொட்டது. விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை, கழுத்துக்குத் தெரிந்தது. கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என்ன இது என்று முதலில் அவளுக்கு விளங்கவே இல்லை. மஞ்சுவுக்கு ஒன்பது வயசுதான் ஆகிறது என்பது அந்த நிமிஷம்தான் யாரோ புதிதாகச் சொன்னதுபோல் உறைத்தது. பயந்துபோயிருக்கிறோம் என்று பிறகுதான் புரிந்தது. சாவதற்குப் பயம், கீறுவதற்குப் பயம், எல்லாப் பயமும் எட்டு மாதம் வெளியே காத்துக்கிடந்துவிட்டு ஒன்றாக உள்ளே நுழைந்ததுபோல் வந்தது.

"புதன்கிழமை வாரேன்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "வலிக்குமா டாக்டர்?"

"வலிக்காதும்மா. அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டுருவோம். ஒண்ணும் தெரியாது."

அதைக் கேட்டதும், எட்டு மாதம் ஒன்றும் தெரியாமலே கிடந்த சங்கரேஸ்வரி மேஜையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள். டாக்டர் நாகராஜனைப் பார்த்தார். அவன் ஃபைலை மேஜை மேல் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான்.